நியாய வணிகம் என்றால் என்ன? ஒரு ஜோடி சுடுமண் ஜிமிக்கியை வைத்து ஒரு விளக்கம்

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மகளிர் குழுக்களின் விற்பனைக் கண்காட்சி நடந்தால், சுடுமண் நகைக்கென்று ஒரு மேசையாவது இருக்கும். ஜிமிக்கி, பதக்கம், ஆரம், வளையல் எல்லாம் மண்ணில் வனைந்து, சுட்டு, வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். அங்கே வந்து நிற்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "மண்ணுல செஞ்சதுக்கா இருநூறு ரூபா?" என்பது ஒன்று. "பாவம், கிராமத்துப் பொம்பளைங்க செஞ்சது, ஒண்ணு வாங்கிட்டுப் போவோம்" என்பது இன்னொன்று. மேசையில் 'நியாய வணிகம்' என்றோ 'ஃபேர் டிரேட்' என்றோ ஓர் அட்டை இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். விலையை ஏற்றுவதற்கு ஒரு சாக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். தர்ம காரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அரசாங்கத் திட்டம் போலிருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு.

மூன்றுமே சரியில்லை. நியாய வணிகம் ஒரு வணிக முறை. பொருளுக்கு விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது, பணம் எப்போது கைக்கு வருகிறது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது, முடிவெடுப்பது யார் என்ற நான்கு கேள்விகளையும் எழுத்தில் தீர்த்துக்கொண்டு நடத்தும் வியாபாரம் அது. இரக்கப்பட்டு வாங்குபவர் அடுத்த முறை வராமல் போகலாம். கணக்கு சரியாக இருந்தால்தான் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண் அடுத்த வருஷமும் இந்தத் தொழிலில் இருப்பார். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

நெல் கொள்முதலிலிருந்து தொடங்குவோம்

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நெல்லைவிட நல்ல உதாரணம் கிடையாது. அறுத்த நெல்லைக் களத்தில் குவித்து வைத்துக்கொண்டு ரொம்ப நாள் காத்திருக்க முடியாது. மழை வரும், கடன் கொடுத்தவரும் வருவார். வியாபாரிக்கு இது தெரியும். அவர் கேட்கும் விலை நெல்லின் தரத்தை மட்டும் பார்த்துக் கேட்பதல்ல, விவசாயியின் அவசரத்தையும் பார்த்துக் கேட்பது.

நேரடி நெல் கொள்முதல் நிலையம் இதை மாற்றுகிறது. 2024-25 பருவத்தில் குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,405 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,450 ரூபாய் என்று விலை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் ஆதார விலையும் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்த தொகை அது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் முன்பே தெரியும். எடை கண்ணெதிரே போடப்படுகிறது, பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. நிலையங்களின் நடைமுறையில் விவசாயிகளுக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனாலும் அவசரத்தில் இருப்பவரின் அவசரம் விலையைத் தீர்மானிக்கக் கூடாது என்ற அடிப்படை அதில் இருக்கிறது.

நியாய வணிகத்தின் அடிப்படையும் அதுவேதான். ஒப்புமை அங்கேயே முடிந்துவிடுகிறது. நெல்லில் ரகம் இரண்டு, விலையும் இரண்டு. நகையில் ஒவ்வொரு மாடலும் தனி. ஒரு ஜிமிக்கிக்கு ஆதார விலை அறிவிக்க எந்த அரசாலும் முடியாது. அதனால் செய்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு மாடலுக்கும் செலவுக் கணக்குப் போட்டு, விலையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நியாய வணிகம்: பெயரும் பின்கதையும்

நியாய வணிகம் என்பதற்கு எளிய வரையறை இது: செய்பவரும் வாங்குபவரும் செலவுக் கணக்கைத் திறந்து வைத்துப் பேசி, செய்பவருக்கு வாழத் தக்க கூலி கிடைக்கும்படி விலை வைத்து, ஒரே ஒரு ஆர்டரோடு போய்விடாமல் தொடர்ந்து வாங்குவதாக ஒப்புக்கொண்டு நடத்தும் வணிகம்.

இது காபியில் தொடங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே பெண்களின் கைவேலையில் தொடங்கிவிட்டது. 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி, போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்கள் செய்த தையல் வேலைப்பாட்டுத் துணிகளைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்த் தெரிந்தவர்களிடம் விற்றார். 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' என்ற கைவினைக் கடை அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. காபிப் பொட்டலத்தின் மேல் முத்திரை வந்தது 1988இல், நெதர்லாந்தில். அடுத்த ஆண்டே உலகின் பல நாட்டு நியாய வணிக அமைப்புகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. இன்றைக்கு அதற்கு உலக நியாய வணிக அமைப்பு என்று பெயர்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முத்திரையில் இரண்டு வகை உண்டு. 'ஃபேர்டிரேட்' என்று ஒரே சொல்லாக எழுதப்படும் முத்திரை பொருளுக்குத் தரப்படுவது. காபி, தேயிலை, வாழைப்பழம், பருத்தி, சுரங்கத் தங்கம் போன்ற சரக்குகளுக்கு உரியது. அவற்றில் பலவற்றுக்குக் குறைந்தபட்ச விலையும், அதற்கு மேல் ஊர்ப் பொதுக்காரியத்துக்கென்று ஒரு தொகையும் உண்டு. உலக நியாய வணிக அமைப்பின் அடையாளமோ பொருளுக்கு இல்லை, அதைச் செய்து விற்கும் அமைப்புக்கு. அந்த அமைப்பு 10 கொள்கைகளின்படி நடக்கிறதா என்று பார்க்கிறார்கள். நியாயமான ஊதியம், குழந்தைத் தொழிலாளர் இல்லாமை, ஆண்பெண் சமத்துவம், வெளிப்படையான கணக்கு, சுற்றுச்சூழல் அக்கறை முதலியவை அவற்றில் அடங்கும். கைவினைப் பொருட்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் வருகின்றன. ஆகவே ஒரு மண் ஜிமிக்கியில் காபிப் பொட்டலத்து முத்திரையைத் தேடிவிட்டு, இல்லையென்றதும் போலி என்று சொல்லிவிடக் கூடாது.

இதுவரை பார்த்தது: அவசரம் விலையை முடிவுசெய்யக் கூடாது. விலையை மாடலுக்கு மாடல் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கைவினையில் சோதிக்கப்படுவது அமைப்பின் நடத்தை.

ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு எவ்வளவு?

இனி உண்மையான வேலைக்கு வருவோம். பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் சேர்ந்து சுடுமண் நகை செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். சங்கமும் கீழே வரும் ரூபாய்க் கணக்கும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. முறை மட்டும் நிஜமானது.

நூறு ஜோடி ஜிமிக்கிக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று முதலில் பார்க்க வேண்டும். களிமண்ணைக் கல், வேர் நீக்கிச் சலித்து, ஊறவைத்து, மிதித்துப் பிசைய 7 மணி. உருட்டி, கிண்ணமாகக் குழித்து, முத்துகள் வைத்து வடிவம் கொடுக்க 40 மணி. நிழலில் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க 8 மணி. உமியும் வறட்டியும் அடுக்கிச் சூளை மூட்டிப் பார்த்துக்கொள்ள 6 மணி. வண்ணம் பூச 25 மணி. கொக்கி, வளையம் மாட்ட 8 மணி. சரிபார்த்துப் பெட்டியில் வைக்க 6 மணி. எல்லாம் சேர்த்து 100 மணி, அதாவது ஒரு ஜோடிக்கு ஒரு மணி நேரம்.

பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழுவது இந்த முதல் படியில்தான். வடிவம் கொடுத்த 40 மணியையும் வண்ணம் பூசிய 25 மணியையும் மட்டும் வேலை என்று எண்ணுகிறார்கள். மண் சலிப்பதும், சூளைப் பக்கத்தில் புகையில் உட்கார்ந்திருப்பதும், பெட்டியில் அடுக்குவதும் வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விடுகின்றன. மேலே உள்ள கணக்கில் அப்படி விட்டுப்போவது 35 மணி. பெண்கள் செய்யும் வேலையை எண்ணாமல் விடுவதற்கு நம் வீடுகளே பழக்கியிருக்கின்றன. நியாய விலைக்கான முதல் போராட்டம் வாங்குபவரோடு நடப்பதில்லை. எண்ணாமல் விட்ட மணிகளை நோட்டில் எழுதவைப்பதுதான் அந்தப் போராட்டம்.

அடுத்தது, ஒரு மணிக்கு என்ன கூலி? சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி ஒன்று உண்டு. அதற்குக் கீழே போகக் கூடாது. வாழ்வூதியம் என்பது வேறு. வழக்கமான வேலை நேரம் உழைத்தால், குடும்பத்தின் சாப்பாடு, வீடு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு போக அவசரத்துக்குக் கொஞ்சம் மிச்சமும் பிடிக்க முடிகிற கூலிதான் வாழ்வூதியம். ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அளவுகோல் இருக்கிறது. 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 40 ரூபாய். விரல் வலிக்க நுணுக்க வேலை செய்பவருக்கு இதைவிடக் குறைவாகக் கிடைத்தால் அந்தத் தொழிலில் யாரும் நிற்க மாட்டார்கள். நம் சங்கம் பேசி முடித்து மணிக்கு 60 ரூபாய் என்று வைக்கிறது.

இனி ஒரு ஜோடியின் விலை. கூலி 60 ரூபாய். கொக்கி, வளையம், பெயிண்ட், மண், எரிபொருள், பெட்டி எல்லாம் சேர்த்துப் பொருட்செலவு 25. சூளையில் வெடித்தும் விரிசல் விட்டும் போகிறவற்றுக்காக 6. கொட்டகை வாடகை, கரண்ட், கணக்கெழுதுபவர் சம்பளம், வண்டிச் செலவு வகையில் 14. சங்கத்தின் சேமநிதிக்கு 10. ஆக மொத்தம் 115 ரூபாய்.

இப்போது ஊருக்கு வரும் ஒரு மொத்த வியாபாரி, "ஜோடிக்கு அறுபது ரூபா, ரொக்கமா எடுத்துக்கிறேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருட்செலவு 25 போனால் 35 ரூபாய் லாபம் என்று தோன்றும். உடைந்ததற்கு 6 கழித்தால் கையில் 29. வாடகையும் வண்டிச் செலவும் இன்னும் கழிக்கவே இல்லை. ஒரு மணி நேர வேலைக்கு 29 ரூபாய் என்பது நூறு நாள் வேலைக் கூலியையும் தொடவில்லை. கணக்கு எழுதாத குழு இந்த நஷ்டத்தை லாபம் என்று நம்பிக்கொண்டே வருஷக்கணக்கில் உழைக்கும். வியாபாரி கெட்டவர் என்பதல்ல விஷயம். அவர் கேட்டது அவருக்குத் தெரிந்த சந்தை விலை. தன் விலை என்னவென்று இந்தப் பக்கம் தெரியாமல் இருந்ததுதான் சிக்கல்.

நடைமுறையில் மணிக்கணக்கில் யாரும் சம்பளம் தருவதில்லை. பீஸ் ரேட்டுதான், ஜோடிக்கு இவ்வளவு என்று. அந்த ரேட்டை மணிக்கணக்கிலிருந்து வகுக்கிறார்களா என்பதுதான் கவனிக்க வேண்டியது. சங்கக் கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு வரும்: "மல்லிகா ஒரு மணி நேரத்துல நாலு ஜோடி உருட்டுறா, அதை வச்சே ரேட்டு போட்டுடுவோம்." மூத்த பெண் ஒருவர் குறுக்கிடுவார்: "அவளுக்கு இருபத்தஞ்சு வயசும்மா. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. எனக்கு ரெண்டுதான் வரும்." வேகமானவரை வைத்து ரேட் போட்டால் மற்ற எல்லோரும் வாழ்வூதியத்துக்குக் கீழே போய்விடுவார்கள். நடுத்தர வேகத்தில் செய்பவரை வைத்துக் கணக்கிடுவதுதான் முறை.

சூளையை மறக்கக் கூடாது. பல இடங்களில் நகையை வனைவது சங்கத்துப் பெண்கள், சுட்டுத் தருவது மண்பாண்டம் செய்யும் பக்கத்து ஊர் வேளார் குடும்பம். தலைமுறை தலைமுறையாக மண்ணின் பதத்தையும் தீயின் பதத்தையும் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் தொகையும் அதே அளவுகோலில் இருந்தால்தான் அட்டையில் எழுதிய 'நியாயம்' முழுமையாகும்.

முன்பணம்: பேசப்படாத பாதி

நியாய வணிகம் என்றால் விலை மட்டும் என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மேலே உள்ள சங்கத்துக்கு 2,000 ஜோடிக்கு ஓர் ஆர்டர் வருகிறது. மதிப்பு 2,30,000 ரூபாய். பொருட்செலவுக்கு மட்டும் 50,000 ரூபாய் முதலிலேயே வேண்டும். மூன்று மாத வேலைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த பின்புதான் பணம் என்றால், சங்கத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? வாரத் தவணைக் கடனுக்குப் போவார்கள். டெல்டாவில் கஜா புயலுக்குப் பிறகு நுண்கடன் தவணைகள் எத்தனை வீடுகளை நெருக்கின என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல விலைக்கு ஆர்டர் எடுத்துவிட்டு, அந்த லாபத்தை வட்டியாகக் கட்டினால் யாருக்காக உழைத்தோம்?

அதனால்தான் உலக நியாய வணிக அமைப்பின் கொள்கைகளில் இது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கைவினைப் பொருளுக்கு ஆர்டர் தருபவர், செய்பவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். நம் கணக்கில் அது 1,15,000 ரூபாய். பொருட்செலவு முழுவதும் போக, கூலியில் பாதிக்கு மேல் அதிலேயே கொடுத்துவிடலாம். செய்பவரின் தவறு இல்லாமல் ஆர்டர் ரத்தானால், அதுவரை நடந்த வேலைக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதும் அதே கொள்கைகளில் உண்டு.

சொல்லப்போனால், ஜோடிக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுக்கும் வாங்குபவரையும், ஆர்டரோடு பாதிப் பணம் அனுப்பும் வாங்குபவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நான் இரண்டாமவரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சுருக்கமாக: நியாய விலை என்பது எண்ணப்பட்ட எல்லா மணிகளுக்குமான வாழ்வூதியமும் எல்லாச் செலவும் சேர்ந்தது. முன்பணம் அந்தக் கூலியைக் கடன்காரரிடமிருந்து காப்பாற்றுகிறது.

சங்கம் யாருடையது?

'மகளிர் குழு செய்தது' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அடியில் இருக்கும் அமைப்புகள் வெவ்வேறு.

சுய உதவிக் குழு என்பது வழக்கமாகப் பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் வரை சேர்ந்து சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, வங்கியில் கடன் பெறும் அமைப்பு. தமிழ்நாட்டில் இது 1989இல் தருமபுரியில் பெரிய அளவில் தொடங்கியது. பணத்தைச் சேர்த்து வைப்பதுதான் அதன் முதல் வேலை. தொழில் செய்வது பிறகு வருவது, வராமலும் போகலாம். நுண்கடன் நிறுவனம் அமைக்கும் கடன் குழு முற்றிலும் வேறு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பு என்ற ஏற்பாட்டுக்காக மட்டும் சேர்க்கப்பட்ட கூட்டம் அது.

கூட்டுறவுச் சங்கம் என்பது உறுப்பினர்களே உரிமையாளராக இருக்கும் பதிவுபெற்ற தொழில் அமைப்பு. நம் ஊரில் கூட்டுறவு என்றாலே பயிர்க்கடனும் நகைக்கடனும் தள்ளுபடியும்தான் நினைவுக்கு வருகின்றன. கடன் சங்கங்களையே அதிகம் பார்த்ததால் வந்த பழக்கம். உற்பத்திக்கான கூட்டுறவுகளும் கண்முன்னே இருக்கின்றன. திருபுவனம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவர்களே உறுப்பினர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான சீருடையைத் தைத்துத் தருபவை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள்.

கூட்டுறவின் உயிர்நாடி ஒரு விதியில் இருக்கிறது: ஒருவருக்கு ஒரு ஓட்டு. கம்பெனியில் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்குப் பத்து ஓட்டு. கூட்டுறவில் நூறு ரூபாய் பங்குத்தொகை கட்டியவருக்கும் ஆயிரம் கட்டியவருக்கும் ஓட்டு ஒன்றுதான். உறுப்பினர் எல்லோரும் கூடும் பொதுப்பேரவை நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. கணக்கு ஆண்டுதோறும் தணிக்கைக்குப் போகிறது. லாபத்தில் ஒரு பகுதி சேமநிதிக்குப் போக, மிச்சத்தை எப்படிப் பகிர்வது என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்கிறார்கள்.

நகைச் சங்கத்துக்கு இது ஏன் முக்கியம்? மணிக்கு 60 ரூபாய் என்று யார் முடிவு செய்தார் என்று மேலே கேட்டிருந்தால், பதில் இங்கே இருக்கிறது. நல்ல முதலாளி ஒருவர் 60 ரூபாய் தரலாம். அவர் மனம் மாறினால் 45 ஆகிவிடும். உறுப்பினர்களே முடிவெடுக்கும் இடத்தில் 60ஐக் குறைப்பதற்கும் அவர்களுடைய கை உயர வேண்டும். கண் மங்கிய அந்த மூத்த பெண்ணின் பேச்சு முனகலாகப் போய்விடாமல் ரேட்டை மாற்றியதற்குக் காரணம், அவருக்கும் மல்லிகாவுக்கும் ஓட்டு சமம் என்பதுதான்.

நியாய வணிகத்தில் இருக்கும் எல்லா அமைப்பும் கூட்டுறவாகப் பதிவானதில்லை. அறக்கட்டளைகள், குழுக்களின் கூட்டமைப்புகள், உற்பத்தியாளர் நிறுவனங்கள் எல்லாம் உண்டு. கூட்டுறவு என்று பதிவானதாலேயே நியாயம் வந்துவிடும் என்பதும் இல்லை. பொதுப்பேரவைக்குக் கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டு, ஒரே குடும்பம் நடத்தும் சங்கத்தில் ஓட்டுரிமை ஏட்டில்தான் இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டாம், கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

காவிரியின் நாட்காட்டியும் கிறிஸ்துமஸ் ஆர்டரும்

வெளிநாட்டுக்கு அனுப்பும் கைவினைச் சரக்கில் பெரும் பங்கு கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் போவது. நவம்பரில் கடைகளில் இருக்க வேண்டுமென்றால், கப்பல் பயணம், சுங்கம், கிடங்கு எல்லாவற்றையும் கணக்கிட்டு ஆகஸ்டிலேயே சரக்கு கிளம்ப வேண்டும். 2023 கடைசியிலிருந்து செங்கடல் வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல்களால் நாட்கள் இன்னும் கூடின. ஆக, வேலை நடக்க வேண்டியது சித்திரையிலிருந்து ஆடி வரை.

ஒரு வகையில் இது வசதி. மண் நகை மெதுவாக, நிழலில், ஈரம் இல்லாத காற்றில் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாத துண்டைச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். உமியும் வறட்டியும்கூட நமத்துப்போகும். மழைக்காலத்தில் ஆர்டர் எடுக்கிற சங்கம் உடைசலுக்குக் கூடுதலாகக் கணக்கு வைத்தே ஆக வேண்டும்.

இன்னொரு வகையில் நெருக்கடி. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பிறகு குறுவை நடவு தொடங்கிவிடும். அதே பெண்கள்தான் நடவுக்கும் போக வேண்டும். நடவு நாட்களில் கூலி கூடுதலாகக் கிடைக்கும். அந்த நாட்களில் வயலுக்குப் போகாதே என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டெல்டாச் சங்கத்தோடு நியாயமாக வியாபாரம் செய்ய நினைக்கும் வாங்குபவர், ஆர்டரை மாசி, பங்குனியிலேயே உறுதி செய்துவிட வேண்டும். மே மாதத்தில் ஆர்டரைக் கொடுத்துவிட்டு ஜூலையில் சரக்கைக் கேட்டால், ராத்திரி விளக்கில் உட்கார்ந்துதான் முடிக்க முடியும். அந்த ராத்திரி மணிகள் எந்த நோட்டிலும் ஏறாது. நீண்ட கால உறவு என்று கொள்கையில் எழுதியிருப்பதற்கு இங்கே நடைமுறைப் பொருள் கிடைக்கிறது: இரண்டாம் வருஷம் வரும் வாங்குபவருக்கு நடவு எப்போது என்று தெரிந்திருக்கும்.

மண்ணுக்கும் பருவம் உண்டு. ஏரி, குளம் வற்றியிருக்கும் கோடையில்தான் நல்ல களிமண் எடுக்க முடியும். அதற்கு அனுமதி வேண்டும். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் தமிழ்நாடு அரசு நடைமுறையை எளிதாக்கியது. வருஷத்துக்கு வேண்டிய மண்ணைக் கோடையிலேயே எடுத்து மூடி வைத்துக்கொள்வது நல்லது.

தரமும் டிசைனும்

'நியாய வணிகம்தானே, கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள்' என்ற எண்ணம் சில குழுக்களிடம் உண்டு. எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உடலில் படும் நகைகளுக்கு நிக்கல், ஈயம், காட்மியம் ஆகியவற்றில் கடுமையான வரம்பு இருக்கிறது. மண்ணைப் பற்றிய கவலை குறைவு. மலிவான கொக்கியும் விவரம் தெரியாத பெயிண்டும்தான் சரக்கைத் திருப்பி அனுப்ப வைக்கும். ஜோடிக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் மொத்த ஆர்டரையும் இழப்பது நடக்கக்கூடியது. பரிசோதனை அறிக்கையோடு கொக்கி விற்பவரிடம் வாங்கி, அந்தச் செலவை விலையில் சேர்ப்பதே சரி.

டிசைன் விஷயத்தில் பாதுகாப்பு இரண்டு பக்கமும் உண்டு. மற்றவர் டிசைனை அனுமதியில்லாமல் நகலெடுக்கக் கூடாது என்பது நியாய வணிகக் கொள்கைகளில் இருக்கிறது. வாங்குபவர் சங்கத்தின் மாதிரியை எடுத்துப்போய் வேறு இடத்தில் மலிவாகச் செய்யக் கூடாது. சங்கமும் இணையத்தில் பார்த்த யாரோ ஒருவரின் ஆரத்தை அப்படியே செய்து விற்கக் கூடாது.

வாங்குபவர் என்ன கேட்கலாம்?

வெளிநாட்டுக் கடையில் அந்த ஜிமிக்கி 115 ரூபாயைவிடப் பல மடங்குக்கு விற்கப்படும். அதைப் பார்த்ததும் ஏமாற்று என்று கொதிப்பவர்கள் உண்டு. கப்பல் கூலி, சுங்கவரி, அந்த ஊர்க் கடை வாடகை, அங்கே வேலை செய்பவரின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கின்றன. விற்பனை விலையில் இத்தனை சதவீதம் செய்தவருக்குப் போகிறது என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நியாயத்தை அளக்க முடியாது. செய்தவருக்கு மணிக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான நியாய வணிக அமைப்பிடம் பதில் இருக்கும்.

கண்காட்சியிலும் இதையே கேட்கலாம். "இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரேட்டை யாரு முடிவு பண்றீங்க?" என்று கேட்டால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் சங்க உறுப்பினராக இருந்தால் சொல்லிவிடுவார். எங்கோ மொத்தமாக வாங்கிவந்து அட்டை மட்டும் வைத்திருப்பவர் திணறுவார்.

நியாய வணிகத்தால் ஆகாததும் உண்டு. மோஸ்தர் மாறி மண் நகைக்குக் கேட்பு குறைந்தால், எந்தக் கொள்கையும் ஆர்டரைக் கொண்டுவராது. ஒரே வெளிநாட்டு வாங்குபவரை நம்பியிருக்கும் சங்கம் அவரோடு சேர்ந்து படுத்துவிடும். தீபாவளி, பொங்கல் விற்பனையும், கும்பகோணம், திருவையாறு பக்கம் வரும் பயணிகளும், பள்ளிக் கல்லூரி ஆண்டுவிழாக்களும் கையில் இருந்தால்தான் அந்தச் சங்கத்தால் வெளியூர் வாங்குபவரிடம் நிமிர்ந்து விலை பேச முடியும்.

சான்றிதழ் வாங்கப் பணமும் எழுத்து வேலையும் ஆகும். இருபது பேர் கொண்ட சங்கம் அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. உலக நியாய வணிக அமைப்பில் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஓர் ஏற்றுமதி அமைப்பின் வழியாக விற்கலாம். அப்படிப்பட்ட அமைப்பும் முதலில் கேட்பது மாடல்வாரியான செலவுக் கணக்கைத்தான். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் சுவர்க் கடிகாரமும் போதும். மாடலின் பெயரை மேலே எழுதி, மண் சலிப்பதிலிருந்து பெட்டி கட்டுவது வரை ஒவ்வொரு வேலையையும் யார் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார் என்று மூன்று முறை குறித்து, சராசரி எடுத்துக்கொள்ளலாம். எழுதுவது நிர்வாகக் குழுவில் இல்லாத ஓர் உறுப்பினராக இருந்தால் நல்லது. நோட்டு எல்லோரும் புரட்டிப் பார்க்கும் இடத்தில் தொங்கட்டும்.